ஒரே ஊசி டீச்சர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கணக்கும் வரும். இரண்டில் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்துவிடலாம் என்று நினைத்துத்தான் டியூஷன் எடுப்பதாக முடிவு செய்தேன். கோபம் கூப்பிடாமலே கூட வந்துவிட்டது.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இன்னொரு பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்த பிறகு பார்த்தால் கணக்கு டீச்சர்கள் தேவைக்கு மேல் இருந்தார்களாம். அப்படி எண்ணிப் பார்த்து என்னை வீட்டுக்கு அனுப்பியவர் வரலாறு படித்தவர் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவர் என் அண்ணன். அவருக்கு டைல்ஸ் கடை. கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை என்று போகிற இடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவர். ஆறுதல் சொல்ல வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நாற்பதைத் தாண்டிய என்னை இன்றுவரை பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பா கல்லாவில் உட்கார்ந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார். நல்ல மனதோடு சொன்னார். அதனாலேயே முகத்துக்கு நேராக மறுக்க முடியவில்லை.

என் கணவரின் சம்பளம் வீட்டை ஓட்டும். மகளின் கல்லூரிப் படிப்புக்கு என் சம்பளம்தான். ஆகவே சும்மா இருக்க வழியில்லை. அண்ணனிடம் தவணை கேட்டேன். பெரிய விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்காவது மாணவர்கள் சேர வேண்டும். சேராவிட்டால் திறக்கிற அன்று நான் கல்லாவுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கல்லா வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் நான் டீச்சர் இல்லை. திரும்ப எழுந்து வர மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும்.

விளம்பரம் எப்படிச் செய்வது என்று யோசித்தோம். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கையில். லிஃப்டுக்குள் நிற்கிறவர்களுக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டுக் கூரையைப் பார்க்கிறார்கள், அந்த இடத்தில் உன் நோட்டீஸை ஒட்டுகிறேன் என்றார். அப்படி ஒட்ட அனுமதி உண்டா என்று கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கணக்கு டியூஷன். முதல் வகுப்பு இலவசம். பெற்றோரில் ஒருவர் கூட இருக்க வேண்டும்" என்று மகள் அழகாக அச்சிட்டுக் கொடுத்தாள். அவள் செய்த உதவி அதோடு சரி. என்னிடம் கணக்குப் படிக்க மட்டும் அவள் சிறு வயதிலிருந்தே மறுத்துவிட்டவள்.

பெற்றோர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பின்னால் பல வருட ஆத்திரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று வருவார்கள். "வீட்ல படிக்கவே மாட்டேங்கிறான் டீச்சர்" என்று ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். உன் பிள்ளை சோம்பேறி இல்லை, எங்கோ ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான், அந்த இடத்தை நீயும் வந்து பார் என்று சட்டையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும் போலிருக்கும். இப்போது என் வீடு, என் சட்டம்.

முதல் சில நாட்கள் ஈ ஓட்டினேன். வெள்ளைப் பலகை வாங்கி மாட்டியிருந்தேன். அதில் பால்காரருக்குச் சொல்ல வேண்டியதை எழுதிவைத்தார் என் கணவர். நான் அழித்தேன். மறுபடியும் எழுதினார்.

பிறகு ஒரு நாள் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மாவும் மகனும். என் கணவர் போய்க் கதவைத் திறந்து இறக்கிவிட்டபோது, அந்த அம்மா நடுக்கம்கூட அடங்காமல், இந்த நோட்டீஸில் இருக்கிற டீச்சர் எப்படி என்று கேட்டிருக்கிறார். அவ்வளவு நேரம் அதைத்தானே படித்துக்கொண்டிருந்தார். லிஃப்டைத் தான் நிறுத்தவில்லை என்று என் கணவர் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். பாதி நம்பினேன்.

அந்த அம்மா ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளர். படுக்கை மாற்றுவது, நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது, அந்த மாதிரி வேலை. வேலை முடிந்து நேராக வந்திருந்தார். பையனுக்கு இயற்கணிதம் வரவில்லை என்று புகார். நான் எப்போதும் பாடத்தில் தொடங்குவதில்லை. ஒரு கணக்கைக் கொடுத்து, மனதில் ஓடுவதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே போடச் சொல்வேன். எங்கே குரல் தணிகிறதோ அங்கேதான் கோளாறு. பையன் இயற்கணிதத்தில் நன்றாகத்தான் போனான். பின்னம் வந்த இடத்தில் குரல் தேய்ந்தது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்றான்.

இத்தனை வருடமும் அந்த ஓர் ஓட்டையோடு வந்திருக்கிறான். ஒரு தாளைக் கொடுத்து மடிக்கச் சொன்னேன். அரையை வைத்திருக்கிறாய், ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னது, கூட்டினால் குறையுமா என்று கேட்டேன். முழித்தான். இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக மடிக்க முடியுமா பார் என்றேன். மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். ஆறு துண்டு வந்தது. அரை என்பது அதில் மூன்று, மூன்றில் ஒன்று என்பது அதில் இரண்டு. "அப்ப அஞ்சு துண்டு. ஆறுல அஞ்சு" என்றான். அவன் முகம் மலர்ந்தது. பின்னால் நாற்காலியில் இருந்த அம்மா மடியில் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார். பாவம், களைப்பு, அலுத்துப்போய்விட்டது போல என்று நினைத்தேன்.

போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அடுத்த வகுப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. போன் செய்தேன். பையன் இப்போது எல்லாக் கணக்கும் தானே போடுகிறான், நீங்கள் தெய்வம் டீச்சர் என்றார். தெய்வத்துக்குச் சம்பளம் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்து வந்தவர்களும் அப்படியே. ஒரு பெண்ணுக்கு வகுத்தலில் ஓட்டை. ஒரு பையனுக்குத் தசமப்புள்ளியில் ஓட்டை. கண்டுபிடிப்பேன், அடைப்பேன், அனுப்புவேன். பின்னால் உட்கார்ந்து பார்த்த பெற்றோர், இப்படித்தானா விஷயம் என்று கற்றுக்கொண்டு வீட்டில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. ஆனால் வெளியே போய் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். லிஃப்டுகளில் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று என் கணவர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். ஒரே ஊசி டீச்சர். ஒரே ஊசியில் குணமாகிவிடுமாம். ஊசிக்குக் காசும் இல்லையாம்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, சிரிக்கக்கூட இல்லை, வியாபாரியாகக் கவலைப்பட்டார்.

"பாப்பா, நாங்க கடையில சாம்பிள்னு ஒரு டைல்தான் காட்டுவோம். நீ வீடு பூரா ஒட்டிக் குடுத்துட்டு சாம்பிள்ங்கிற. எவன் காசு குடுப்பான்?"

பாதியில் நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து காட்டு, உள்ளே விடாதே என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தடவை அப்படிச் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

அந்த ஒரு தடவைக்கு வந்து மாட்டியவள் ஒரு வேன் ஓட்டுநரின் மகள். ஒல்லியாக, தலை நிமிராமல் உட்கார்ந்தாள். அப்பா பின்னால், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு. அவளுக்குக் குறை எண்கள் தகராறு. பூஜ்யத்துக்குக் கீழே போவதைச் சொல்லிக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். ஒரு குறையை எடுத்தால் ஏன் கூடுகிறது என்ற இடத்துக்கு வந்தோம். அவள் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பேனாவை மூடிவைத்தேன். மீதி அடுத்த வகுப்பில், அதற்குக் கட்டணம் உண்டு என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். வெளியே லிஃப்டுக்காகக் காத்திருந்தவர்களின் பேச்சு கதவு வழியாகக் கேட்டது.

"அவங்க நல்லாத்தாம்பா சொன்னாங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல. அதான் நிறுத்திட்டாங்க" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு வந்த கோபத்தில் கதவைத் திறந்த சத்தம் மாடி முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணன் மேல் கோபம், வரலாறு படித்தவர் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் என் மேல் கோபம். அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மாடிப் படி முடிகிற தளம் பூஜ்யம் என்றேன். மூன்று படி இறங்கி மேலே பார்த்து நில், நீ குறை மூன்றில் நிற்கிறாய். குறை என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம், திரும்பி நில். குறை இரண்டை எடு என்கிறார்கள். எடு என்றால் ஒரு தடவை திரும்பு. திரும்பினாள், கீழே பார்த்தாள். எடுப்பதே குறை இரண்டைத்தானே, அதற்கும் ஒரு தடவை திரும்பு. திரும்பினாள். இப்போது இரண்டு படி நட என்றேன்.

நடந்தாள். "ஏறிட்டேன்" என்றாள். "குறை ஒண்ணு." பிறகு நான் சொல்லாமலே இறங்கிப் போய், வேறு எண் வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பி ஏறிப் பார்த்தாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நான் தற்செயலாகத் திரும்பினேன். தளத்தில் அவள் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், மெல்ல ஒரு தடவை திரும்பி, இன்னொரு தடவையும் திரும்பினார். லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு காலியாகவே போனது.

அவர்களும் திரும்பி வரவில்லை. வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது அண்ணன் கடைப் பெயர் போட்ட சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். போட்டுப் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் கணவர் வந்து குழாயை மூடிவிட்டுப் பக்கத்தில் நின்றார். லிஃப்டுகளில் இருக்கிற நோட்டீஸையெல்லாம் கிழித்துவிடுங்கள் என்றேன். சரி என்றார். கிழிக்கவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. பசை ரொம்ப நன்றாக ஒட்டிக்கொண்டது என்று கதை விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. வார்டு உதவியாளர் நின்றார். பையன் கூட இல்லை. ஊசி பலிக்கவில்லை போல, சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டேன். மேசைக்கு வரவில்லை. வாசல் ஓரத்திலேயே நின்றுகொண்டு பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அவன் நல்லாப் போடறான் டீச்சர். அன்னிக்குக் கத்துக்கிட்டது நான்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். சின்ன வயதில் பின்னத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுந்து நிற்க வைத்துக் கேட்டார்களாம், தெரியவில்லையாம், எல்லோரும் சிரித்தார்களாம், அடுத்த நாள் போகவில்லையாம். மருத்துவமனையில் நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்கு உள்ளேயே ஆள் எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வு உண்டு, அதில் கணக்கு உண்டு. வருடா வருடம் விண்ணப்பம் வரும், வருடா வருடம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அன்றைக்கு என் நாற்காலியில் உட்கார்ந்து பஸ் டிக்கெட்டை ஆறாக மடித்தபோது, இவ்வளவுதானா, இதற்கா நான் இத்தனை வருடம் பயந்தேன் என்று இருந்ததாம். வீட்டுக்குப் போய்ப் பையன் தூங்கிய பிறகு மறுபடி மடித்துப் பார்த்தாராம்.

"பெரியவங்களுக்கு எடுப்பீங்களா? சும்மா வேணாம். காசு குடுத்துப் படிச்சாத்தான் விடாம வருவேன்."

நான் பதில் சொல்வதற்குள் அவர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். தனியாக வர வெட்கமாக இருந்ததால், அந்த ஒரே ஊசி டீச்சரிடம் போய் வந்தவர்கள் வேறு யார் என்று விசாரித்தாராம். லிஃப்டில் நிற்கிறவர்களிடம்தான். பின்னால் உட்கார்ந்திருந்த முக்கால்வாசிப் பேருக்கும் அதே கதையாம். ஒருவருக்கு மகள் அடுத்த வகுப்புக்குப் போவதற்குள் ஓர் அடி முன்னே இருக்க வேண்டும். ஒருவருக்குக் கடை வைக்க ஆசை, சதவீதம் என்றால் பயம். வேன் ஓட்டுநர் கீழே தெருவில்தான் நிற்கிறார், மேலே வரக் கூச்சப்படுகிறார் என்றார்.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வேனுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார். விடுமுறை முழுக்க முன் நாற்காலிக்கு ஆள் தேடினேன். ஆட்கள் பின் நாற்காலியில் இருந்திருக்கிறார்கள். கணக்கைக் கரைத்துக் குடித்தவள் என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு. கையை ஆட்டி மேலே வரச் சொன்னேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த அம்மா பயந்துபோய் என்ன டீச்சர் என்று கேட்டார். ஒன்றுமில்லை, உட்காருங்கள் என்றேன்.

மறுநாள் அந்த அம்மா மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று ராத்திரியே அண்ணனுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிற அன்று கல்லாவுக்கு வரவில்லை என்றேன். எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். மேசை நிறைந்துவிட்டது, முதல் மாதக் கட்டணம் முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள், ஒருவர்கூடச் சின்னப்பிள்ளை இல்லை, பாதிப் பேருக்கு மீசை என்றேன்.  கல்லாவுக்கு ஆள் போனதே என்று வருந்துவார் என்று நினைத்தேன்.

"அப்ப நம்ம கடைப் பசங்களையும் அனுப்பறேன். தரையை அளக்கத் தெரியாம பெட்டி பெட்டியா வீணாக்கறானுங்க. கட்டணம் நான் தர்றேன். ஆனா பாப்பா, முதல் நாளே எல்லாத்தையும் சொல்லிடாத."

அந்தப் பயம் தேவைப்படவில்லை. பெரியவர்களுக்கு ஒரே ஊசி பலிக்காது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டேன். பிள்ளைகளின் ஓட்டையை ஒரு தடவை அடைத்தால் போதும். இவர்களுடையது வருடக்கணக்கான பயம், அடைத்த மறுநாளே கசியும். வார்டு உதவியாளர் சரியான விடையை எழுதிவிட்டு, தப்பாக இருக்கும் என்று தானே அடித்துவிடுவார். சதவீதக்காரர் விடையைக் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுவார். நான் கத்தவில்லை. நம்பத்தான் மாட்டீர்கள், என் கணவரே நம்பவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டார்.

இரண்டாவது வகுப்பு நாள் மழை பிடித்துக்கொண்டது. வகுப்பு தொடங்கி வெகு நேரம் ஆகியும் வேன் ஓட்டுநரின் இடம் காலியாக இருந்தது.  அவ்வளவுதான், ஒருவர் போனார் என்று நினைத்துக்கொண்டேன். பலகையில் எழுதுவதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன். எல்லோரும் கவனித்தார்கள்.

கதவு திறந்தது. முழுக்க நனைந்து போய் நின்றார். உள்ளே வரவில்லை. குற்றம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி தரையைப் பார்த்தார்.

"போன தடவை சொன்னது ஒண்ணுகூட ஞாபகம் இல்ல டீச்சர். சுத்தமா மறந்துபோச்சு. கீழ வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடலாம்னு பார்த்தேன். அப்புறம்…" என்று நிறுத்தினார்.

பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடத்தில் மறந்துவிட்டேன் என்று சொன்ன எந்தப் பிள்ளையையும் நான் சும்மா விட்டதில்லை. ஆனால் இவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, அந்த மழையில், அத்தனை மாடி ஏறி, எனக்கு எதிரில் வந்து நின்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் மறந்ததற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். கொடியிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"அதனால என்ன, உக்காருங்க. முதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்றேன்.